பணம் போயிற்று, கட்டணம் சேர்ந்ததா?

"சார், பணம் போயிடுச்சு சார். மெசேஜ் வந்திருக்கு பாருங்க."

"போயிருக்கும் தம்பி, இல்லைங்கல. எங்க லிஸ்ட்டுல உன் பேரு ஏறலையே."

தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் எந்தக் கல்லூரி அலுவலக ஜன்னல் ஓரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். இருவர் சொல்வதும் உண்மைதான். மாணவனின் வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறது. கல்லூரியின் பதிவில் அது வரவில்லை.

இணையத்தில் கட்டணம் கட்டுவது ஒரே செயல்போலத் தெரிகிறது. உள்ளே அது பல கை மாறுகிறது. முதலில் உங்கள் வங்கி தொகையைக் கழிக்கிறது. நடுவில் இருக்கும் பேமென்ட் கேட்வே அதை வாங்கிக்கொண்டு, இன்ன பதிவு எண்ணுக்கு, இன்ன தலைப்பில், இவ்வளவு தொகை என்று கல்லூரியின் மென்பொருளுக்குத் தகவல் சொல்கிறது. மென்பொருள் அதை உங்கள் பெயருக்கு நேரே பதிந்து ரசீதை உருவாக்குகிறது. நிஜப் பணம் கல்லூரியின் வங்கிக் கணக்குக்குப் போவது பெரும்பாலும் அதற்கடுத்த வேலைநாளில். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி முதல் படிக்கு மட்டுமே சாட்சி. கல்லூரி ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சி ரசீதுதான். தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிறக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயத்தில் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதைச் சுருக்கமாகவும், அழுத்தும் முன்னும் பின்னும் செய்யவேண்டியதை விரிவாகவும் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்து வாசகர்களுக்குத் தூரத்திலிருந்து பணம் அனுப்புவது புதிய வித்தை அல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் குடும்பங்கள் உண்டியல் எழுதியே கடல் கடந்து பணத்தைப் புரட்டியிருக்கின்றன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். பத்து ஆண்டு கழித்து, 1947-இல் அழகப்பச் செட்டியார் இங்கே கலைக்கல்லூரியைத் தொடங்கினார். 1952-இல் பொறியியல் கல்லூரி வந்தது. 1985-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி அழகப்பா பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவில் சேர்ந்து, ஒருமுறைகூடக் காரைக்குடி மண்ணை மிதிக்காமல் பட்டம் வாங்குகிறவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் வங்கியில் வரிசையில் நின்று டி.டி. எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்தவர்கள்தான்.

அந்தப் பழைய முறையில் அலைச்சல் அதிகம். ஆனால் ஒரு வசதி இருந்தது. சலான் கட்டினால் வங்கி முத்திரை குத்திய அடிக்கட்டை கையில் இருக்கும். கல்லூரி ஜன்னலில் அதை நீட்டினால் எழுத்தர் வாங்கிப் பதிந்துகொள்வார். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பது மூன்று பிரதியிலும் மை ஊறி இருக்கும். இப்போது அலைச்சல் போய்விட்டது; அடிக்கட்டையை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டும் முன் கேட்கவேண்டியது

கட்டண அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் பார்க்கவேண்டியது தொகையை அல்ல, தலைப்பை. கல்விக் கட்டணம், சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம், மெஸ் பாக்கி, பஸ் கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம் எனத் தனித்தனியாக இருக்கும். சில கல்லூரிகளில் இவை வெவ்வேறு வங்கிக் கணக்குகளுக்குப் போகின்றன. தேர்வுக் கட்டணத்தைக் கல்விக் கட்டணத் தலைப்பில் கட்டிவிட்டால் பணம் அதே வளாகத்தில்தான் இருக்கும், உங்களுக்கு ஹால் டிக்கெட் மட்டும் வராது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது, எந்த எண். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு விண்ணப்ப எண், சேர்க்கை எண், பதிவு எண் என்று மூன்று இருக்கலாம். பதிவு எண் வருவதற்குள் முதல் தவணை கட்டவேண்டி வந்தால், எந்த எண்ணைப் போடுவது என்று அலுவலகத்தில் கேட்டு, அந்த எண்ணை ரசீதிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் வகுப்பில் பக்கத்து மேசைக்காரருக்குக் கட்டணம் கட்டிய புண்ணியம் கிடைக்கும். எண்ணைப் போட்டதும் பெயரைக் காட்டும் தளமென்றால் கவலை குறைவு. பெயரையும் நீங்களே நிரப்பவேண்டிய தளத்தில் ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவதாக, சலுகை. இதைத்தான் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பதைவிட, கட்டும் முன்பே கழித்துக்கொள்ளச் சொல்வது எளிது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்கு 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். அப்படிச் சேர்ந்த பிள்ளையிடம் கல்லூரி கட்டணப் பட்டியலை நீட்டினால், எந்தத் தலைப்புகள் அரசின் கணக்கில், எவை உங்கள் கணக்கில் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். அலுவலகத்தாருக்கு அது அன்றாடக் கேள்விதான்.

ஆதி திராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2021-22 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஒன்றிய அரசின் பங்கு கல்லூரிக்குப் போகாமல், ஆதார் இணைந்த மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. அதில் வரும் கட்டணத் தொகையை மாணவர்தான் கல்லூரியில் கட்டவேண்டும். பல வீடுகளில் அது உதவித்தொகை என்று நினைத்துச் செலவாகிவிடுகிறது; ஆண்டு முடிவில் கல்லூரி நிலுவை காட்டும்போதுதான் விஷயம் தெரிகிறது. வந்த நாளிலேயே அதைப் பிரித்து எடுத்து வையுங்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாய் வேறு; அது மாணவரின் கைச்செலவுக்கு உரியது. இரண்டும் ஒரே கணக்கில் வந்து விழுவதால் குழப்பம் வருகிறது. பாஸ்புக்கில் அந்தந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவிட்டால் தீர்ந்தது.

எந்தப் பக்கத்தில் கட்டுவது

தேடுபொறியில் கல்லூரிப் பெயரையும் கட்டணம் என்ற சொல்லையும் போட்டு, முதலில் வந்ததைத் தட்டவேண்டாம். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். கல்லூரியின் சொந்த இணையதளத்துக்குப் போய் அங்கிருக்கும் கட்டண இணைப்பைத்தான் பயன்படுத்தவேண்டும். இந்தியக் கல்வி நிறுவனங்களின் முகவரி பெரும்பாலும் 'ஏசி.இன்' அல்லது 'ஈடியு.இன்' என்று முடியும். அந்த முடிவு யாருக்கும் கேட்டதும் கிடைப்பதில்லை. வங்கிகளுக்கும் இப்போது அதுபோல ஓர் அடையாளம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் இறுதிக்குள் தங்கள் இணைய வங்கிச் சேவையை 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்றவேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது.

பல அரசுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் எஸ்.பி.ஐ. கலெக்ட் வழியாகக் கட்டணம் வாங்குகின்றன. பாரத ஸ்டேட் வங்கியில் கணக்கு இல்லாதவர்களும் அதைப் பயன்படுத்தலாம். உள்ளே போனதும் கல்வி நிறுவனத்தின் பெயரைத் தேடவேண்டும். ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசையாக நிற்கும். அழகப்பா என்ற பெயரிலேயே காரைக்குடியில் எத்தனை கல்லூரிகள் என்று உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெயரையும் பிரிவையும் முழுசாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள். கல்லூரி தளத்திலேயே நேரடி இணைப்பு இருந்தால் இந்தத் தேடல் மிச்சம். பிறகு கட்டணத் தலைப்பைத் தேர்ந்து, விவரம் நிரப்பி, எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்யவேண்டும். முடிந்ததும் 'டியு' என்று தொடங்கும் ஒரு குறிப்பு எண் வரும். அந்த எண்தான் எல்லாம். ரசீதை இறக்கிக்கொள்ள மறந்துவிட்டாலும், அதே தளத்தில் கட்டண வரலாறு என்ற பகுதியில் அந்த எண்ணையோ, பதிந்த பிறந்த தேதியையும் கைபேசி எண்ணையுமோ கொடுத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் அங்கே கைபேசி எண்ணும் பிறந்த தேதியும் சரியாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இணைய வங்கியோ கார்டோ இல்லாத வீட்டுக்கும் இதில் வழி உண்டு. கல்லூரி அனுமதித்திருந்தால், கட்டும் முறையில் வங்கிக் கிளை என்பதைத் தேர்ந்தெடுத்துச் சலானை அச்சிட்டு, ஸ்டேட் வங்கிக் கிளையில் ரொக்கமாகக் கட்டலாம். நம் பக்கத்தில் இன்னும் பலருக்கு இதுதான் நிம்மதி. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

யு.பி.ஐ., கார்டு, இணைய வங்கி

யு.பி.ஐ.யில் சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு. கல்வி நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கட்டும்போது அதை ஐந்து லட்சமாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. எனவே பொறியியல் கல்லூரியின் ஆண்டுக் கட்டணத்தைக்கூட ஒரே தவணையில் கட்டிவிடலாம். ஆனால் இந்த உயர்ந்த வரம்பு, கல்வி நிறுவனம் என்று வங்கியில் முறையாகப் பதிவான கணக்குக்கு மட்டுமே. உங்கள் வங்கியே தன் வாடிக்கையாளர்களுக்குக் குறைந்த வரம்பு வைத்திருந்தாலும் அது மேலே போகவிடாது. பெரிய தொகை கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே செயலியில் வரம்பைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அனுபவத்தில் பலர் மாட்டிக்கொள்வது. புதுக் கைபேசி வாங்கி யு.பி.ஐ.யைப் புதிதாகப் பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. பிள்ளை கல்லூரி சேர்கிறான் என்று முந்தின நாள் புது போன் வாங்கிக் கொடுத்து, மறுநாள் அதிலேயே கட்டணம் கட்டப்போகிற அப்பாக்கள் கவனிக்க.

செலவைப் பார்த்தால் யு.பி.ஐ.தான் மலிவு. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகர் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டிலும் இணைய வங்கியிலும் 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று ஒரு தொகையும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரலாம். கிரெடிட் கார்டில் ஒரு விழுக்காடு கூடுதல் என்றால் 80,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 800 ரூபாய், வரி வேறு. கார்டு தரும் ரிவார்டு புள்ளிகளுக்காக இதைச் செய்கிறவர்களின் கணக்கு எனக்குப் புரிவதில்லை. கையில் பணம் இல்லாமல் கார்டில் கட்டி மாதத் தவணையாக மாற்றுவது அதைவிட மோசம். அந்த வட்டியைக் கல்விக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வங்கியில் கல்விக்கடன் வாங்கியிருந்தால் பொதுவாக வங்கியே கல்லூரிக்கு நேராக அனுப்பிவிடும். அந்த வீட்டார் கட்டண அறிவிப்பைக் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பாவது கிளையில் கொடுத்து, அனுப்பியதற்கான யு.டி.ஆர். எண்ணை வாங்கிக் கல்லூரி அலுவலகத்தில் சொல்லவேண்டும். வங்கி அனுப்பிய பணத்தில் மாணவர் பெயர் இல்லாமல், கல்லூரிக் கணக்கில் அது யாருடையது என்றே தெரியாமல் கிடக்கிற சம்பவம் சகஜம்.

நேரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு உட்காராதீர்கள். அன்று எல்லோரும் அப்போதுதான் உட்காருவார்கள். வங்கிகள் தங்கள் கணினிகளைப் பராமரிப்பதும் நள்ளிரவை ஒட்டித்தான்.

பிரவுசிங் சென்டரில் கட்டும்போது

செக்காலை ரோட்டிலோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு அருகிலோ ஒரு கடைக்காரர், கட்டணம் எதுவானாலும் ஐந்து நிமிஷத்தில் கட்டித் தந்துவிடுவார். அவர்கள் இல்லாமல் நம் பக்கத்துப் பாதிப் பிள்ளைகள் கல்லூரி சேர்ந்திருக்க மாட்டார்கள் என்றே சொல்வேன். அங்கே போகிறவர்கள் மூன்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

படிவத்தில் கைபேசி எண், மின்னஞ்சல் என்று வருமிடத்தில் கடைக்காரர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிடுவார். "அண்ணே, என் நம்பரைப் போடுங்க" என்று அப்போதே சொல்லிவிடவேண்டும். பின்னால் ரசீது எடுப்பதற்கும் கடவுச்சொல் மாற்றுவதற்கும் ஓ.டி.பி. வருவது அந்த எண்ணுக்குத்தான். மூன்றாம் ஆண்டில் அந்தக் கடை இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

கடைக்காரர் தன் கணக்கிலிருந்து கட்டிவிட்டு உங்களிடம் ரொக்கம் வாங்கிக்கொண்டால், பரிமாற்றம் தோல்வியுற்றுப் பணம் திரும்பும்போது அவர் கணக்குக்குத்தான் போகும். நல்ல மனிதர் திருப்பித் தருவார். ஆனாலும் எந்தத் தேதியில், எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. முடிந்தால், திரையில் வரும் கியூ.ஆர். குறியை உங்கள் கைபேசியிலேயே ஸ்கேன் செய்து நீங்களே கட்டுங்கள். யு.பி.ஐ. பின் எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாயால் சொல்லவே கூடாது.

மூன்றாவது, எழுந்து வரும் முன் ரசீதை அச்சிட்டு வாங்குவதோடு, அதன் பி.டி.எஃப். கோப்பை உங்கள் வாட்ஸாப்புக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அச்சு மை மங்கும். கோப்பு நிற்கும்.

தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தொலைநிலைப் படிப்பை வேறொரு நிறுவனத்துக்கு ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த யு.ஜி.சி. விதிகள் இடம் தருவதில்லை. 2024-25 முதல் சேர்க்கைக்கு டி.இ.பி. ஐடி என்ற தனி அடையாள எண்ணை மாணவரே யு.ஜி.சி. தளத்தில் உருவாக்கிக்கொள்ளவேண்டும். சேர்த்துவிடுகிறேன் என்று சொல்கிற இடைத்தரகர், கட்டணத்தைத் தன் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பவேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கட்டுகிறேன் என்பார். மொத்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது தேர்வு நாளில்தான் தெரியும். பணம் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், உங்கள் பெயரில், உங்கள் கையால் போகவேண்டும்.

பணம் போய், ரசீது வராவிட்டால்

முதலில் ஐந்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள். பக்கத்தைப் புதுப்பிக்கவேண்டாம், பின்னால் போகிற பொத்தானையும் தொடவேண்டாம். பிறகு வங்கிக் கணக்கில் உண்மையில் தொகை கழிந்ததா என்று பாருங்கள். கழிந்திருந்தால், கல்லூரித் தளத்தில் கட்டண வரலாற்றில் அது நிலுவையில் என்று காட்டுகிறதா, தோல்வி என்று காட்டுகிறதா என்று பாருங்கள். நிலுவை என்றால் மறுநாள் அது வெற்றி என்று மாற நல்ல வாய்ப்பு உண்டு. கேட்வேயும் வங்கியும் தங்கள் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது அது தானாகவே சரியாகும்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது உடனே மறுபடி கட்டுவது. கடைசித் தேதிக்கு நாள் இருந்தால் அது தேவையில்லை. இரண்டுமே சேர்ந்துவிட்டால், கூடுதல் தொகையை அடுத்த பருவத்துக்கு வரவு வைக்கவோ திருப்பவோ கல்லூரியின் நிதிப் பிரிவு ஒப்புக்கொள்ள மாதமாகும். கடைசி நாளே வந்துவிட்டால் வேறு வழியில்லை. அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் முதல் பரிமாற்றத்தின் விவரத்தை அனுப்பிவிட்டு, வேறொரு முறையில் கட்டிவிடுங்கள். அபராதத்தோடு அலைவதைவிட அது மேல்.

பணம் தானாகத் திரும்புவதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் கெடு விதித்திருக்கிறது. யு.பி.ஐ.யிலோ, இணையத்தில் கார்டு மூலமோ கட்டும்போது உங்கள் கணக்கில் கழிந்து, வாங்குகிறவர் பக்கம் உறுதி ஆகாவிட்டால், பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானே திருப்பிப் போடவேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். நடைமுறையில் கேட்டால்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே ஆறாம் நாள் புகார் கொடுங்கள். யு.பி.ஐ. செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் புகார் பகுதி இருக்கும். அதிலுள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணை எடுத்து வங்கிக்கும் எழுதுங்கள். புகாருக்கு வங்கி ஓர் எண் தரும். அதையும் தேதியையும் குறித்துக்கொள்ளவேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே போகலாம். கட்டணம் எதுவும் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் பேசலாம்.

வங்கி, "எங்களிடமிருந்து பணம் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று எழுத்தில் சொல்லிவிட்டால் விஷயம் கல்லூரியின் பக்கம் போகிறது. அந்தப் பதிலையும் கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து நிதி அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பெயர், பதிவு எண், தலைப்பு, தொகை, தேதி, குறிப்பு எண் ஆகிய ஆறும் முதல் நான்கு வரிக்குள் வந்துவிடவேண்டும். வீட்டு நிலைமையை விவரிக்கும் கடிதம் மேசையில் கிடக்கும். ஆறு விவரமும் உள்ள கடிதம் நகரும்.

அக்கரையிலிருந்து வரும் பணம்

சிவகங்கை மாவட்டத்தில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, அம்மா இங்கே கட்டணம் கட்டும் குடும்பங்கள் ஏராளம். சிங்கப்பூரின் பேநவ் முறையையும் நம் யு.பி.ஐ.யையும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைத்தார்கள். தொடங்கியபோது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். இந்தியப் பக்கத்தில் முதலில் சேர்ந்த வங்கிகளில், காரைக்குடியில் கிளை திறந்து தொடங்கிய அந்த ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. இந்த வழி உறவினருக்கு அனுப்புவதற்கானது. அங்கிருந்து வீட்டாரின் கணக்குக்கு வரும். கல்லூரிக்கு இங்கிருந்துதான் கட்டவேண்டும். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டணமென்றால் இரண்டு நாள் முன்னதாகத் திட்டமிடுங்கள். இன்னொரு வழி, அப்பாவிடம் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தால், சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணோடே யு.பி.ஐ. பதிந்துகொள்ள 2023 முதல் அனுமதி உண்டு. அப்போது அங்கே இருந்தபடியே கல்லூரிப் பக்கத்தில் நேராகக் கட்டலாம். எப்படிக் கட்டினாலும் ரசீதை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரி ஜன்னலுக்குப் போகப்போவது இங்கிருப்பவர்தான்.

ஏமாற்று

சேர்க்கை நேரத்தில் வரும் அழைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சுதான். "உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது", அல்லது "கட்டணம் இரண்டு முறை வந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறோம்". பிறகு ஒரு கியூ.ஆர். குறி வரும், பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. தனிநபர்கள் யு.பி.ஐ.யில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். அதனால் இந்த வித்தையில் பாதி அடைபட்டது. மீதிப் பாதி, திரையைப் பகிரும் செயலிகளை நிறுவச் சொல்லி நடக்கிறது. அப்படி ஒன்றை நிறுவச் சொன்ன மறுகணமே போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் கை மாறுவதற்குள் தடுத்து நிறுத்த அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

ரசீதும் வரியும்

ஒவ்வொரு பருவத்துக்கும் ரசீது, வங்கி அறிக்கைப் பக்கம், கட்டண அறிவிப்பு மூன்றையும் ஒரே கோப்பில் போட்டுவையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, பருவம், தலைப்பு இருந்தால் போதும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் வரை கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை. இந்தியாவில் படிக்கும் முழுநேரப் படிப்புக்கு மட்டுமே அது பொருந்தும். விடுதி, பஸ், வளர்ச்சி நிதி, நன்கொடை எதுவும் சேராது. ஒரே ரசீதில் எல்லாம் கலந்திருந்தால், தலைப்புவாரியாகப் பிரித்த ரசீதைக் கேட்டு வாங்கவேண்டும். மார்ச்சில் அலுவலகம் கேட்கும்போது ஓடவேண்டியிருக்காது.

படிப்பை விடும்போதும் முடிக்கும்போதும்

ஓரிடத்தில் சேர்ந்து கட்டணமும் கட்டிய பிறகு வேறு கல்லூரியில் இடம் கிடைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதற்கு யு.ஜி.சி. ஒவ்வோர் ஆண்டும் தேதிகளை அறிவிக்கிறது. 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31-க்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதி என்று அறிவித்தது. உங்கள் ஆண்டுக்குரிய தேதியை யு.ஜி.சி. தளத்தில் பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விலகல் கடிதத்தை வாயால் சொல்லி முடிக்காமல் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதிதான் தொகையைத் தீர்மானிக்கிறது.

படிப்பை முடிக்கிறவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் நிலுவையின்மைச் சான்றுக்கு நூலகம், ஆய்வகம், விடுதி எனச் சுற்றவேண்டும். அந்தச் சுற்றில் ஏதோ ஒரு பருவத்தின் சிறப்புக் கட்டணம் வரவில்லை என்று யாராவது சொன்னால், கைபேசியில் இருக்கும் கோப்பைத் திறந்து காட்டலாம். காப்புத்தொகையைக் கேட்கவும் அப்போதுதான் நேரம். முதலாம் ஆண்டில் கட்டிய அந்தத் தொகையைக் கேட்காமலே போகிறவர்கள் பலர். விண்ணப்பத்தோடு முதலாண்டு ரசீதின் நகலையும், மாணவரின் பெயரிலேயே உள்ள, இன்னும் செயல்பாட்டில் இருக்கும் வங்கிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கத்தையும் இணைக்கவேண்டும். கல்லூரிக்காகத் திறந்த கணக்கை அதற்குள் மூடிவிடவேண்டாம். பணம் வந்த பிறகு மூடிக்கொள்ளலாம்.